ஆறாவது ஊசி

அக்காவின் கல்யாணப் போர்வைகளைத் தைத்த அன்று என்னை அறைக்குள் விடவில்லை. அடுப்புக்குக் கரி போடலாம். தேநீர் கொண்டுவந்து வாசற்படியில் வைக்கலாம். கடலைத் தோலைப் பெருக்கலாம். படியைத் தாண்டக் கூடாது, நூலைத் தொடக் கூடாது.

யார்மேலும் எனக்குக் கோபம் இல்லை. எங்கள் ஊரில் வழக்கம் அப்படி. மணப்பெண்ணின் போர்வையைத் தைக்கிறவர்கள் நிறைந்தவர்களாக இருக்க வேண்டும். தாய் தகப்பன் இருக்க வேண்டும், புருஷன் இருக்க வேண்டும், ஒரு மகனும் ஒரு மகளும் இருக்க வேண்டும். எங்கள் அம்மா போய் நான்கு வருடம் ஆகிறது. அவள் படுக்கையில் விழுந்தபோது எனக்குப் பதின்மூன்று. அப்போது நிறுத்திய பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிப் போகவே இல்லை. அப்பாவுக்கும் பன்றிகளுக்கும் நேரத்துக்குச் சாப்பாடு போட ஒரு ஆள் வேண்டியிருந்தது. லிங்குவா அக்கா செங்கல் சூளைக்கு வேலைக்குப் போனாள். நான் வீட்டோடு இருந்தேன். வீட்டோடு இருந்து இருந்து, மனிதர்கள் எதிரே வந்தால் பேச்சு தொண்டையிலேயே நின்றுவிடும்படி ஆகிவிட்டது.

பெரியம்மாதான் எல்லாவற்றையும் நடத்தினார். அவருடைய தாய் தகப்பன் எழுபது தாண்டியும் கல்லுப் போல இருந்தார்கள். சுற்றியுள்ள எந்த ஊரில் கல்யாணம் என்றாலும் போர்வை தைக்க அவரைத்தான் முதலில் கூப்பிடுவார்கள். அன்று தன்னையும் சேர்த்து ஆறு பேரைத் திரட்டியிருந்தார். ஆறு பேருக்கு ஆறு ஊசி. சிவப்பு வெல்வெட் உருண்டையில் வரிசையாகக் குத்தி வைத்து, ஒவ்வொருவருக்கும் அவரே எடுத்துக் கொடுத்தார்.

அறை நிறைய சூட்டு மேடை, அடுப்பின் சூடு அடியில் ஓடும் அகலமான படுக்கைத் திண்ணை. அதன்மேல் உள்துணியை விரித்து, பஞ்சை அடுக்கி, மேலே சிவப்புப் பட்டைப் போட்டு, இந்தப் பக்கம் மூன்று பேரும் அந்தப் பக்கம் மூன்று பேருமாக எதிரெதிரே உட்கார்ந்துகொண்டார்கள். ஓரத்திலிருந்து தொடங்கி நடுவில் வந்து சேர வேண்டும். போர்வைக்கு ஏழு வரிசை. வரிசைக்கு ஒரே நூல். முடிச்சு போடக் கூடாது, நடுவில் அறவும் கூடாது. சீக்கிரம் குழந்தை பிறக்கட்டும் என்று நான்கு மூலையிலும் இலந்தையும் கடலையும் வைத்துத் தைக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விடக் கஷ்டம், வாயைக் காப்பது. போர்வை தைக்கிற அன்று கெட்ட சொல் எதுவும் வரக் கூடாது. 'இல்லை' கூடாது, 'போதும்' கூடாது. நூல் தீர்ந்தால் "நூல் நிறைஞ்சிருச்சு" என்பார்கள். தேநீர் ஆறிப்போனால் "தேத்தண்ணி நிதானமாயிருச்சு" என்பார்கள். மறந்து யாராவது உளறினால் மற்ற ஐந்து பேரும் சேர்ந்து சிரித்து அதை மூடிவிடுவார்கள்.

"காவ் அண்ணி, உங்க வீட்டுக்காரர் குறட்டை இன்னும் இருக்கா?" என்று எதிரே உட்கார்ந்தவள் சீண்டினாள்.

"இருக்கு இருக்கு, பெருகிக்கிட்டே இருக்கு. இன்னிக்கு எதுவும் குறையக் கூடாதில்ல?"

இரண்டாவது போர்வை தைக்கும்போதுதான் அது நடந்தது. பட்டில் ஜோடி மயில் போட்ட போர்வை அது. காவ் அண்ணி சிரித்துக் குலுங்கி, தொடையைத் தட்டிக்கொண்டு, திரும்பக் கையை நீட்டியபோது நூல்தான் இருந்தது, ஊசி இல்லை. நூலின் நுனியைப் பார்த்தாள். மடியைப் பார்த்தாள். பட்டை உள்ளங்கையால் மெல்லத் தடவினாள். மற்றவர்கள் அடுத்த கதைக்குப் போயிருந்தார்கள். அவள் நிமிர்ந்தபோது, வாசலில் கரிக் கூடையோடு நின்ற என் கண்ணில் அவள் கண் பட்டது.

'தொலைந்தது' என்ற சொல்லை அவளால் சொல்ல முடியாது. அதற்கு வேறு சொல்லும் கிடையாது.

உதட்டில் விரலை வைத்தாள். சட்டைக் காலரின் உள்பக்கம் எப்போதும் குத்தி வைத்திருக்கும் தன் சொந்த ஊசியை உருவிக் கோத்தாள். சாயங்காலம் பெரியம்மா உருண்டையில் எண்ணிப் பார்த்தபோது ஆறு ஊசி இருந்தது. நான்கு போர்வையையும் மடித்துச் சிவப்புக் கயிறு கட்டிப் பெட்டியில் வைத்தார்கள். எல்லோரும் உட்கார்ந்து நூடுல்ஸ் சாப்பிட்டார்கள். நான் காலியான அறைக்குள் போய்த் தரையைப் பெருக்கினேன்.

கல்யாணத்துக்கு ஐந்து நாள் இருந்தது. மறுநாள் காலையில் காவ் அண்ணி வீட்டுக்குப் போனேன். அவள் முற்றத்தில் முட்டைக்கோசு அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் பேச ஆரம்பிப்பதற்குள் அவளே ஆரம்பித்தாள்.

"வா குட்டி. என்ன, வாய்க்குப் பூட்டுப் போட்டவ இன்னிக்கு இவ்வளவு தூரம்?"

"ஊசி, அண்ணி."

"எந்த ஊசி? உங்க பெரியம்மா ஆறு குடுத்தாங்க, ஆறு வாங்கினாங்க. நீயும்தான் பாத்தே."

"அது உங்க காலர் ஊசி."

அவள் கோசைக் கீழே வைத்தாள். குரலை இறக்கினாள். "இத பாரு தோங்யான். நான் இப்ப வந்து கல்யாணப் போர்வையைப் பிரிங்கன்னு சொன்னா, கல்யாணத்தையே பிரிக்கச் சொன்ன மாதிரி. அப்புறம் எந்த வீட்டுல என்னை உள்ள விடுவாங்க? ஒருவேளை தரையில விழுந்திருக்கும். பெருக்கினது நீதானே, நல்லாப் பெருக்கியிருந்தா கிடைச்சிருக்குமே."

தரையை நான் மூன்று முறை பெருக்கியிருந்தேன்.

பெரியம்மாவிடமும் போனேன். "பெரியம்மா, அந்த மயில் போர்வைல..." என்றதுமே அவர் முகம் மாறிவிட்டது. "அதுல என்ன? நீ அதத் தொட்டியா?" என்றார். இல்லை என்று தலையாட்டினேன். "தொடாதே. உங்க அக்கா நல்லா இருக்கணும்னா அந்தப் பெட்டிப் பக்கமே போகாதே, கண்ணு." இதைக் கனிவாகத்தான் சொன்னார். அதனால்தான் மேற்கொண்டு சொல்ல முடியவில்லை.

அக்காவிடம் சொல்லியிருக்கலாம். அவள் அந்த நாட்களில் பாடிக்கொண்டே வளைய வந்தாள். அவளிடம் போய், உன் படுக்கைக்குள் ஒரு ஊசி இருக்கிறது என்று எப்படிச் சொல்வது? படுக்கும்போதெல்லாம் அந்த ஊசி அவள் விலாவை நோக்கி நகர்வதாக எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

சீர் அனுப்புவதற்கு முதல் நாள் காலையில் எல்லோரும் டிராக்டரில் டவுனுக்குப் போனார்கள். அக்காவுக்கு முடியைச் சுருட்ட வேண்டும். அப்பா பன்றிக்கறியும் சாராயமும் வாங்க வேண்டும். பெரியம்மா இல்லாமல் விலை பேச ஆள் இல்லை. வீட்டைப் பார்த்துக்கொள்ள நான் இருந்தேன். டிராக்டர் சத்தம் பாலத்தைத் தாண்டும்வரை காத்திருந்தேன். பிறகு கதவைத் தாழிட்டு, கையை இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவி, பெட்டியைத் திறந்தேன்.

அப்பா பழைய ஒலிபெருக்கி ஒன்றிலிருந்து கழற்றி வைத்திருந்த காந்தத்தைத் துணியில் சுற்றிப் பட்டின்மேல் நகர்த்தினேன். காவ் அண்ணி உட்கார்ந்த மூலையில் ஒன்றும் இல்லை. நடுவை நோக்கி வந்தபோது, ஐந்தாவது வரிசைக்குப் பக்கத்தில், தூண்டிலில் மீன் கடித்ததுபோல ஒரு சின்ன இழுப்பு. ஊசி படுக்கையாகக் கிடந்தது. இழுத்தால் பட்டுதான் சுருங்கியது. பிரிக்காமல் எடுக்க வழி இல்லை.

மூன்று வரிசையும் ஒரு ஓரமும் பிரிக்க வேண்டும். கத்தரிக்கோலை எடுத்தேன். உடனே கீழே வைத்துவிட்டேன். அறுத்தால் அறுந்த நூல் ஆகிவிடும். முடிச்சு இல்லாத தையல்தானே, நுனியைத் தளர்த்தி, ஒவ்வொரு தையலாகப் பின்னால் உருவிக்கொண்டே வந்தால் நூல் முழுதாக வரும் என்று தோன்றியது. வந்தது. மூன்று வரிசை நூலையும் ஓர நூலையும் தனித்தனிச் சோளத் தட்டையில் சுற்றி வைத்தேன். பிரிக்கவே மதியம் ஆகிவிட்டது.

பஞ்சின் இரண்டாவது அடுக்கை விலக்கினேன். ஊசி அங்கே, யாருக்கும் கெடுதல் நினைக்காத மாதிரி, மினுங்கிக்கொண்டு கிடந்தது. எடுத்துச் சமையலறைச் சுவரில் குத்தி வைத்தேன்.

இனி மூட வேண்டும். என் கை அந்தப் பட்டில் படக் கூடாது என்பது எனக்குத் தெரியும். காலையிலிருந்து பட்டுக்கொண்டுதான் இருக்கிறது என்பதும் தெரியும். பாதியில் விட்டால் போர்வையே இல்லை. நூலைக் கோத்தேன்.

முதல் தையலை ஒரே இடத்தில் இரண்டு முறை ஓட்டிப் பிடித்தேன். பிறகு பழைய துளைகளையே தேடிக்கொண்டு போனேன். பட்டின்மேல் அரிசி அளவு, அடியில் விரல் அளவு. ஊசி பஞ்சுக்குள் இறங்கும்போது சத்தமே இருக்காது. அடித்துணியைத் தொடும்போது மட்டும் 'டப்' என்று ஒன்று விரல் நுனிக்குக் கேட்கும். பத்துப் பதினைந்து தையலுக்குப் பிறகு துளைகளைத் தேட வேண்டியிருக்கவில்லை. கை தானாகப் போனது. அடுப்பில் கரி இறங்கிக்கொண்டிருந்தது. பன்றிகள் பசியில் கத்தின. நான் எழவில்லை. என் வாழ்க்கையில் யாரும் என்னை அழைக்காத, யாருக்கும் பதில் சொல்ல வேண்டாத ஒரு மதியம் அது. நானும் யாரையும் தேடவில்லை. தட்டையாகக் கிடந்த பட்டு ஒவ்வொரு வரிசைக்கும் மெல்ல மேடு கட்டி எழும்பியது. உழுத நிலம்போல. அதைத் தடவிப் பார்த்தேன். நன்றாக இருந்தது. நன்றாக இருக்கிறது என்று சொல்ல அங்கே ஆள் இல்லாததும் அப்போது பெரிதாகத் தெரியவில்லை.

போர்வை தைப்பது இரண்டு பேர் வேலை. அம்மா இருந்தபோது அவள் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். எதிரே உட்கார்ந்து பார்த்துப் பார்த்துத்தான் எனக்குத் தையல் வந்தது. அன்று ஒரு பக்கம் கை எட்டாத இடத்துக்கு வந்ததும், நானே எழுந்து சுற்றிப்போய் அந்தப் பக்கம் உட்கார்ந்தேன்.

கடைசி மூலையில் இலந்தையையும் கடலையையும் திரும்ப வைத்து மூடும்போது பாலத்தில் டிராக்டர் கேட்டது. இரண்டு தையல் பாக்கி. ஓட்டி, நுனியைப் பஞ்சுக்குள் விட்டு, மடித்து, சிவப்புக் கயிறு கட்டும்போதுதான் பார்த்தேன்.

நான்கு வரிசைத் தையல் வலப்புறம் சாய்ந்திருந்தது. மூன்று வரிசை இடப்புறம் சாய்ந்திருந்தது.

எனக்கு இடக்கைப் பழக்கம். பள்ளிக்கூடத்தில் எழுதுவதற்கு அதை அடித்து மாற்றினார்கள். தையலை யாரும் மாற்றவில்லை, அம்மாவைத் தவிர யாராவது பார்த்தால்தானே மாற்றுவதற்கு. துளைகள் பழையவைதான். ஆனால் துளைக்குத் துளை நூல் விழுந்த விதம் என்னுடையது.

வாசலில் பெரியம்மா கத்திக்கொண்டிருந்தார். "ஏண்டி, பன்றிங்க ஏன் இப்படி ஊரைக் கூட்டுது? செத்துட்டியா உள்ள?"

பெட்டியை மூடினேன்.

சீர் போனது. அக்கா போனாள். மூன்றாம் நாள் மாப்பிள்ளையோடு மறுவீடு வந்தபோது அவள் சுருட்டை முடி நன்றாக இருந்தது. கொழுக்கட்டை பிடிக்க என் பக்கத்தில் உட்கார்ந்தாள். மாவு வட்டம் ஒவ்வொன்றாக நான் நீட்ட, அவள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அங்க குளிரா அக்கா?"

"நாலு போர்வை இருக்கே" என்றாள். அவ்வளவுதான்.

அந்தக் குளிர்காலம் நீளமாக இருந்தது. அப்பா பேசாதவர். நான் அவருக்கு மேல். இரண்டு கிண்ணம், இரண்டு ஜோடி சாப்பாட்டுக் குச்சி. கழுவி வைத்தால் அன்றைய வேலை முடிந்தது. வசந்தம் வந்தபோது பெரியம்மா வரும்போதெல்லாம் ஒரே பேச்சு. "அஞ்சு மாசம் ஆச்சு. ஆறு மாசம் ஆச்சு. அவ வயிறு இன்னும் பலகை மாதிரி இருக்காம். மாமியார்க்காரி கேக்கறா. நாங்க ஆறு பேரும் குறை வைக்கலையே. எங்க தப்பு நடந்ததுன்னே தெரியல."

எங்கே என்று எனக்குத் தெரியும். சுவரில் அந்த ஊசி இருந்தது. அதைப் பார்க்காமல் என்னால் சமைக்க முடியவில்லை. ஒரு ஊசியிலிருந்து அக்காவைக் காப்பாற்றப் போய் அதைவிடக் கெட்டதை அவள் படுக்கைக்குள் வைத்துத் தைத்துவிட்டேனா என்று கேட்க எனக்கு ஒரு ஆளும் இல்லை.

ஆறாம் மாதம் ஆறாம் தேதி, கட்டிக்கொடுத்த பெண்கள் பிறந்த வீட்டுக்கு வருகிற நாள், அக்கா வந்தாள். நான்கு போர்வையையும் டிராக்டரில் போட்டுக் கொண்டுவந்திருந்தாள். கல்யாணமான முதல் கோடையில் போர்வைகளைப் பிரித்து, துணியைத் துவைத்து, பஞ்சைக் காயவைத்துத் திரும்பத் தைக்க வேண்டும். பெரியம்மா சட்டைக் கையை மடித்துக்கொண்டு தயாராக வந்து உட்கார்ந்தார்.

முற்றத்தில் பாய் விரித்தோம். முதல் போர்வை, மூன்றாவது, நான்காவது. பிரித்த நூல்கள் மடியில் குவிந்தன. மயில் போர்வை கட்டோடு ஓரத்தில் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்து இரண்டு முறை விரலைக் கிழித்துக்கொண்டேன்.

"அதையும் இழு" என்றார் பெரியம்மா.

அக்கா கட்டை எட்டித் தன் முதுகுக்குப் பின்னால் தள்ளி அதில் சாய்ந்துகொண்டாள். "இத இன்னும் விரிக்கவே இல்ல பெரியம்மா. விருந்தாளிக்குன்னு வச்சிருக்கேன்."

"ஆமா, பெரிய மாளிகை, தினம் விருந்தாளி வந்து குவியறாங்க. கொண்டா, தையல் சரியா இருக்கான்னு பாக்கறேன்."

"நீங்க தச்சதுல பாக்க என்ன இருக்கு?"

பெரியம்மா அதில் குளிர்ந்துபோனார். "அதுவும் சரிதான்" என்றார். பிறகு வயிற்றைப் பற்றிக் கேட்டார். மாமியாரைப் பற்றிக் கேட்டார். பூண்டும் கருப்பு எள்ளும் சாப்பிடச் சொன்னார். அக்கா எல்லாவற்றுக்கும் "சரி" என்றாள். வெயில் ஏறியதும் பெரியம்மா தூங்க வீட்டுக்குப் போனார்.

அக்கா கட்டை அவிழ்த்தாள். ஜோடி மயில் வெயிலில் பளிச்சென்றது. கழுத்து படும் ஓரம் மங்கிப் போயிருந்தது. தினமும் போர்த்திக்கொண்ட போர்வைக்குத்தான் அப்படி ஆகும்.

"மூணாம் நாள் காலைல மடிக்கும்போது பாத்தேன்" என்றாள். "நாலு வரிசை அவங்க பக்கம் சாயுது. மூணு வரிசை உன் பக்கம் சாயுது. இங்க வந்து உன் கைய வேற பாத்தேன். ஏன்டி?"

நான் சமையலறைக்குப் போய் ஊசியை எடுத்துவந்து அவள் உள்ளங்கையில் வைத்தேன். சொல்லத் தெரிந்த அளவுக்குச் சொன்னேன். முற்றத்தில் அணில்கூட இல்லை. இருந்தும் தணிந்த குரலில்தான் சொன்னேன். கடைசியில், "பிரிச்சிடு அக்கா. என் கை பட்டது. அதனாலதான் உனக்கு இன்னும்..." என்றேன்.

"அடிப்பேன்." ஊசியை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எனக்கு மட்டும் அம்மா இருக்காளா? நான் முழுசா அதுக்குள்ளதான் தினமும் படுக்கறேன். உன் கை ஆகாதுன்னா நான் மொத்தமும் ஆகாது. வர்றது வரும்." பிறகு, "காவ் அண்ணி நல்லா மாட்டிக்கிட்டா பாவம்" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். எவ்வளவு நாளாயிற்று என்று என் சத்தமே எனக்கு வித்தியாசமாகக் கேட்டது.

அந்த மூன்று வரிசையை அவள் பிரிக்க விடவில்லை. மற்ற மூன்று போர்வைகளையும் துவைத்துக் காயவைத்து, மறுநாள் இரண்டு பேருமாகத் தைத்தோம். கல்யாணப் போர்வை என்பது முதல் தடவைக்குத்தான். அதற்கப்புறம் அது வெறும் போர்வை, யார் வேண்டுமானாலும் தைக்கலாம். அவள் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். அவள் வேகமாகத் தைப்பாள், பெரிய தையல். நான் நடுவுக்கு வந்து சேர்வதற்குள் அவள் வந்து காத்திருப்பாள்.

கடைசி வரிசையில் தலையைத் தூக்காமலே சொன்னாள். "உனக்குத் தைக்கிற அன்னிக்கு நானும் படிக்கு அந்தப் பக்கம்தான் நிக்கணும், தெரியுமில்ல?"

"தெரியும்."

"கரி போடறேன். நல்லாப் பெருக்கறேன்." சிரிப்பாகத்தான் ஆரம்பித்தாள். முடிக்கும்போது இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

புறப்படும்போது ஊசியை என் சட்டைக் காலரின் உள்பக்கம் குத்திவிட்டாள். டிராக்டர் பாலத்தைத் தாண்டும்வரை வாசலில் நின்றேன். அப்பா வயலிலிருந்து வர இன்னும் நேரம் இருந்தது.

வெயில் வீணாகக் கூடாது என்று என் போர்வையையும் அக்காவுடையதோடு சேர்த்துப் பிரித்துக் காயவைத்திருந்தேன். நீலத் துணி, பழைய பஞ்சு. பாயில் உள்துணியை விரித்தேன். பஞ்சை அடுக்கினேன். மேல்துணியைப் போட்டு ஓரத்தை மடித்தேன். காலரிலிருந்து ஊசியை உருவி, நீள நூலாகக் கோத்து, முடிச்சுப் போடாமல் முதல் தையலை இரண்டு முறை ஓட்டினேன். பாதி வரை கை எட்டியது. அதற்கு மேல் எட்டவில்லை. எழுந்து சுற்றிப்போய் மறுபக்கம் உட்கார்ந்தேன்.